தொட்டுவிட்டுத் திரும்பாதே

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறி ஷெட் ஒன்று என் கையால் எழுந்தது. சோழபுரத்தில் கல்லும் முள்ளுமாகக் கிடந்த பொட்டலைத் தென்னந்தோப்பாக்கியவன் நான். பேங்கில் சலான் நிரப்பவே அடுத்தவரைக் கேட்ட ஆள், இரண்டு பெண்களையும் இன்ஜினியராக்கினேன். ஏழாம் வகுப்போடு நின்றவனுக்கு இது போதாதா என்பீர்கள். போதாது. ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கால்பந்தில் ஒரு கோல்.

எண்பதுகளின் நடுவில் எனக்குப் பதிமூன்று வயது. அம்மாவின் தம்பியான மாமா மில்லில் பதிலி ஆள். யாராவது லீவு போட்டால்தான் அவருக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் பையன்களைக் கால்பந்தில் ஜெயிக்கிற அணியைத் தயார் செய்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். டிரா ஆனால் பேச்சே கிடையாது.

எதிராளிகள் பூட்ஸ் போட்டவர்கள். பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸாகப் பந்தைக் கொண்டுவருவார்கள். நாங்களோ கபடிப் பையன்கள். பந்தை நிறுத்தக்கூடத் தெரியாது. ஓடவும் வளைக்கவும் தெரியும். மாமா அதை வைத்தே திட்டம் போட்டார்.

"அவன் நம்ம வாசலுக்கு வந்த பொறவு புடிக்கிறதுக்கு இதென்ன மாப்பிள்ளை அழைப்பாலே? அவன் வீட்டுக்குள்ளயே போய் வளைங்க. ஒருத்தன் பாஞ்சா அம்புட்டுப் பேரும் பாயணும். பின்னால காவல் நிக்கிற பேக்குகளும் நடுக்கோட்டுக்கு ஏறி நில்லுங்க."

"தலைக்கு மேல தூக்கி அடிச்சிட்டான்னா?" என்றான் பெரியப்பா மகன்.

"தூக்கி அடிக்க அவனுக்கு நேரம் குடுத்தா, என் சோத்துல மண்ணுதான்."

ஸ்ரீவில்லிபுத்தூரில் வறண்ட கண்மாய்க்குள் ஆட்டம். முதலில் பாயும் வேலை எனக்கு. அவர்களுடைய பேக் மீது பாய்ந்தேன். பின்னாலேயே மொத்தக் கூட்டமும் வந்தது. மிரண்டுபோனவன் பந்தை எங்கள் ஆள் ஒருவன் காலிலேயே கொடுத்தான். கோல்!

அடுத்த முறைதான் பழக்கதோஷம் வேலையைக் காட்டியது. கபடியில் நான் பாடிப்போகிறவன். தொட்டவன் தன் கோட்டுக்குத் திரும்ப வேண்டுமல்லவா? அந்த பேக்கின் தோளில் கை பட்டதும் என் கால்கள் தாமாகத் திரும்பின. மூச்சை அடக்கிக்கொண்டு நடுக்கோட்டைப் பார்த்து ஓடினேன். அவன் நிதானமாக நிமிர்ந்து, எங்கள் பேக்குகளின் தலைக்கு மேல் தூக்கி அடித்தான். ஆளில்லாத எங்கள் பக்கத்தில் அவர்கள் ஆள் ஓடிப்போய் கோல் போட்டான். ஒன்றுக்கு ஒன்று.

"ஏலே, கோட்டைத் தொட்டுட்டாம்லே! பாயிண்டு குடுங்க!" கரையில் சிரிப்பு அடங்கவில்லை.

இடைவேளையில் மாமா திட்டவில்லை. என் பிடரியைப் பிடித்தார். கை ஈரமாக இருந்தது.

"தொட்டுட்டுத் திரும்பாத, மருமகனே. செத்த நேரம் அங்கயே கெட."

பிறகு கோல் விழவில்லை. ஓடி ஓடித் தொடை இறுகியது. ஒருவன் தளர்ந்தாலும் எங்கள் பின்பக்கம் முழுக்கத் திறந்தவெளி. ஆட்டம் பார்க்க வந்திருந்த மேனேஜர், டிராதான் என்று எழுந்து ஜீப்பை நோக்கி நடந்தார். மாமா அவரைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. தரையையே பார்த்தார்.

கோல் காக்கும் அவர்களுடைய கோலி பந்தை அந்த பேக்கிடம் தட்டினான். நான் ஓடினேன். தொட்டால் கால் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் அவனைத் தொடாமல், வளைந்து சுற்றி, அவனுக்கும் கோலிக்கும் நடுவில் போய் விழுந்தேன். கோலிக்குத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. ஓரத்தில் எங்கள் ஆட்கள். பதற்றத்தில் நடுவே தட்டினான். அங்கே பெரியப்பா மகன் நின்றிருந்தான். ஒரே உதை.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். மேனேஜர் திரும்பி வந்து மாமாவின் கையைக் குலுக்கினார். நான் கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முழுக்க ஒரு தடவைகூடப் பந்து என் காலில் படவில்லை. ஒன்றுமே செய்யாதவன் என்று நினைத்து, கொடுத்த சர்பத்தைக்கூடக் குடிக்கவில்லை.

வழியை அடைப்பதும் ஆட்டம்தான் என்று அன்று எனக்குத் தெரியாது. இப்போது டிவியில் கோட்டுப் போட்ட கோச்சுகள் அதே வளைந்த ஓட்டத்தைத்தான் கைநீட்டிக் காட்டுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் அதைக் கண்மாய்க்குள் ஓடிக் காட்டியவன் நான்.

மாமா நிரந்தரமாகி, ரிட்டயரும் ஆகிவிட்டார். அவர் வீட்டில் மாட்டியிருக்கும் அணிப் படத்தின் கீழே, வெற்றி கோல் என்று பெரியப்பா மகன் பெயர் மட்டும் இருக்கிறது. மாமா, பெயிண்டரை நானே கூட்டிவருகிறேன். என் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அவன் பெயருக்கு மேலே.