பிரகாஷுக்கு நான் கூட்டிய ஆறு மாதம்

போன திங்கட்கிழமை மைசூர் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறினேன். ஆமாம்... நானேதான்! ஆளில்லாத ரோட்டில்கூட சிக்னலுக்கு நிற்கிற ஆள் நான்.

காரணம் பிரகாஷ். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் செல்வியின் மகன். ஜூலையில் கிரிக்கெட் மைதானத்தில் சண்டை. பேட்டால் அடித்து ஒரு பையனின் தாடையை உடைத்துவிட்டான். அந்தப் பிள்ளை வாரக்கணக்கில் ஸ்ட்ரா வைத்துக் கஞ்சி குடித்தான். பிரகாஷ் செய்தது தப்பு — அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செல்வி மலைப்பக்கத்து மார்டள்ளி ஊர்க்காரி. பிரகாஷைப் போலீஸ் பிடித்துப் போன பிறகு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பையனப் பெரியவங்க இருக்கற ஜெயில்ல போட்டுட்டாங்க்கா! அவனுக்குப் பதினெட்டு ஆகிப்போச்சாமா. பெத்தவ எனக்குத் தெரியாதுங்களா? மலைக்கோயில்ல தீபாவளித் தேர் ஓடுன மறுநா பொறந்தானுங்க. வர்ற தீபாவளிக்குத்தான் பதினெட்டு!"

அந்தத் தேதியை மாற்றியதே நான்தான்.

புருஷன் இறந்து அவள் மைசூருக்கு வந்த வருஷம் அது. பிரகாஷை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனோம். 'வயசு அஞ்சு மாசம் குறையுது, அடுத்த வருஷம் வாங்க' என்றார்கள். கன்னடம் எழுதத் தெரியாத செல்விக்காக நான்தான் ஃபாரம் நிரப்பினேன். வீட்டில் பிறந்த பிள்ளை, பிறப்புச் சான்றிதழ் கிடையாது. நவம்பரை மே ஆக்கினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். யார்தான் செய்யவில்லை? நம்மில் பாதிப்பேர் மே, ஜூனில் பிறந்திருக்கிறோமே, அது எப்படியாம்? பிள்ளைக்கு ஒரு வருஷம் வீணாகாமல் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

செல்வி பிடித்த வக்கீல் ஒரு சின்னப் பெண். கன்னடம் கலந்த மைசூர்த் தமிழில் விளக்கினார்.

"நோடி மேடம், பதினெட்டுக்குக் கீழன்னா சிறார் நீதி வாரியம். கவுன்சலிங், படிப்பு, அப்புறம் வீடு. மேலன்னா இந்தக் கோர்ட்டு, இந்த ஜெயில், அஷ்டே, அவ்வளவுதான். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டுல மே-ன்னு இருக்கு. நீங்க வந்து நிஜத்தச் சொன்னா ஏதோ ஒரு சான்ஸ்."

டி.வி. விவாதத்தில் யாராவது, 'பதினாறு வயசானாலே தூக்கி உள்ளே போடணும்' என்று கத்துவார். நானும் சோஃபாவில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். உள்ளே போகிற பையன் எப்படி ஆகித் திரும்புவான் என்று யோசித்ததே இல்லை. தெரிந்த பையன் மாட்டினால்தான் அந்த யோசனை வருகிறது... சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கூண்டில் ஏறி, தேதியை மாற்றியது நான்தான் என்றேன். அரசு வக்கீல் கன்னடத்தில் மரியாதையாகத்தான் கேட்டார் — "அன்றைக்குப் பொய் எழுதினீர்கள். இன்றைக்குச் சொல்வது மட்டும் நிஜம் என்று கோர்ட் எப்படி நம்பும்?"

மார்க்ஸ் கார்டில் உள்ள தேதியே செல்லும் என்று உத்தரவாகிவிட்டது.

மறுநாள் செல்வியோடு ஜெயிலுக்குப் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் பிரகாஷ். மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. ஒரு சுற்று இளைத்திருந்தான். செல்வி அழுது முடித்தாள். பிறகு பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் என்னிடம் கேட்டான்.

"ஆன்ட்டி, உள்ள நான்தான் சின்னவன். எல்லாரும் வயசக் கேக்கறாங்க... பயமா இருக்கு. எத்தனைன்னு சொல்லட்டும்?"

செல்வி என் முகத்தையே பார்த்தாள்.

"இருபதுன்னு சொல்லிடுப்பா" என்றேன்.