தெருவின் முதல் குடி

சுயம்புலிங்கத்துக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். கோயிலில் எல்லோரும் பார்க்கத் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ள வேண்டும்.

சொந்த ஊர் கம்பம் பக்கம். அங்கே ஊருக்கு முதலில் குடிவந்த வம்சத்துக்குத்தான் பரிவட்டம். இவருடைய முன்னோர்கள் கன்னட தேசத்திலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. ஆனாலும், "நீங்க பொழைக்க வந்தவுகதானப்பா" என்று ஒதுக்கிவிடுவார்கள். அப்படி ஒதுக்கிய வம்சம் ஆந்திரப் பக்கமிருந்து கொஞ்சம் முன்னால் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, பழனிசெட்டிபட்டிக்கு வெளியே சோளக்காட்டில் மனை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினார். ரோடு உண்டா, தண்ணீர் உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை.

"யாராச்சும் குடி வந்துட்டாகளா?"

புரோக்கர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஒரு ஈ காக்கா இல்லைண்ணே" என்றார். பக்கத்தில் மனைக்கல் நட்டுக்கொண்டிருந்த ஆளும் நிமிர்ந்து பார்த்து, இல்லை என்று தலையாட்டினார்.

வீடு கட்டும்வரை பொறுக்கவில்லை. தார்ப்பாய்க் கொட்டகை போட்டு, மனைவி சங்கிலியம்மாளோடு குடியேறிவிட்டார். லைன்மேன், அதுவும் கரண்ட் இல்லாத இடத்தில்!

அப்புறம்தான் தெரு நிரம்பியது. ராயப்பன்பட்டியிலிருந்து ஜெயமேரி டீச்சர் வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பத்து வேல்பாண்டி வந்தார். குமுளியிலிருந்து இறங்கிய மலையாளி ஒருவர் தெருமுனையில் சாயாக்கடை போட்டார். கடைசியாக நான். ஒவ்வொரு வீட்டுப் பால்காய்ச்சுக்கும் சுயம்புலிங்கம் வாசலில் வந்து நின்று, "பொழைக்க வந்திருக்கீக, நல்லா இருங்க" என்று வாழ்த்துவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் டீச்சர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கையும் வேல்பாண்டி வீட்டுத் தேங்காய்ச் சம்பலையும் மனுஷன் விடமாட்டார். "சேட்டா, ஒரு சாயா" என்று கேட்டால்தான் அவருக்குப் பொழுது விடியும். ஓணத்துக்குச் சுயம்புலிங்கம் வீட்டு வாசலில்தான் பெரிய பூக்கோலம்.

எல்லோரும் வரி போட்டுத் தெருவில் ஒரு பிள்ளையார் கோயில் கட்டினோம். முதலில் குடிவந்தவருக்கே பரிவட்டம் என்று தெருச் சங்கக் கூட்டத்தில் சட்டம் போட்டவர் சுயம்புலிங்கம். எதிர்த்துப் பேச யாருக்கு வாய் இருக்கிறது?

குடமுழுக்கன்று சட்டையைக் கழற்றிவிட்டு முன்னால் நின்றார். பூசாரி பட்டுத் துணியை விரித்துவிட்டார். பேசாமல் குனிந்திருக்கலாம். மைக்கைப் பிடித்துவிட்டார்.

"நான் வந்தப்ப இங்கன வெறுங்காடு. மொத நாளே கொட்டகைக்குள்ள நல்ல பாம்பு. நம்ம டைல்ஸ்கார சுக்ரா கம்போட ஓடி வரலேன்னா நானும் இவளும் அன்னைக்கே போய்ச் சேந்திருப்போம்."

நாங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. அன்றைக்கு டீச்சர் கையைத் தூக்கினார்.

"ஐயா, சுக்ரா எங்கருந்து ஓடி வந்தாரு?"

"அவன் குடிசையிலருந்துதான்."

"குடிசை எங்கன இருந்துச்சு?"

"பக்கத்துலதான். நான் வாரதுக்கு முன்னாடியே அவன் அங்கன..."

மைக் அவர் வாயிலிருந்து மெல்லக் கீழே இறங்கியது.

சுக்ரா ஜார்க்கண்டிலிருந்து வந்தவர். அன்றைக்குத் தலையாட்டிய அதே மனைக்கல் ஆள். இப்போது டைல்ஸ் வேலை. கோயில் தரையே அவர் ஒட்டியதுதான். அந்த நேரம் பின்னால் அன்னதானத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்.

"சட்டம் சட்டம்தான்" என்றார் பூசாரி.

சுக்ராவைக் கரண்டியோடு இழுத்து வந்து தலையில் பட்டுத் துணியைக் கட்டினார்கள். சுயம்புலிங்கத்தின் முகம் இப்படி விழுவதைப் பார்க்க எத்தனை வருஷம் காத்திருந்தேன்! பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பயந்துபோய் நின்ற சுக்ரா, சட்டையில்லாமல் நின்றவரைப் பார்த்தார். பிறகு பூசாரியின் கையைத் தொட்டார்.

"சாமி, அவுகளுக்கும் ஒண்ணு கட்டுங்க. பாவம், பொழைக்க வந்தவுக."

சுயம்புலிங்கம் தலையைக் குனிந்து காட்டினார்.