மாமாவுக்குப் போட்ட வெயில்

கம்ப்யூட்டரில் படம் வரைவதுதான் இப்போது என் பிழைப்பு. எந்தப் படத்தை எடுத்தாலும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் புத்தி பதினொரு வயதிலேயே வந்துவிட்டது. மற்ற புத்தி வரத்தான் நாளாயிற்று.

உச்சிப்புளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பில் படம் வரைகிற செயலி ஒன்று இருந்தது. மவுஸைப் பிடித்து இழுத்தால் கோடு கோணிக்கொண்டு போகும். வெளிச்சம் மட்டும் சொன்னபடி கேட்கும். ஒரு அடுக்கில் முகம், அதற்குக் கீழ் அடுக்கில் பொன்னிறம், ஓரத்தை மெல்லக் கலைத்துவிட்டால் தலைக்குப் பின்னால் பொழுது விடிகிற மாதிரி இருக்கும். பஸ் ஸ்டாப்பில் கட்டியிருக்கும் பேனர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அவற்றில் எழுதியிருப்பதை நான் படித்ததே இல்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, வளைகுடாவில் கட்டட வேலையில் இருந்தார். அத்தை எங்கள் தெருக்கோடி வீட்டில் தனியாக இருந்தாள். தினமும் பேசுகிற மாமா ஒன்பது நாளாகப் பேசவில்லை. கூப்பிட்டால் சுவிட்ச் ஆஃப் என்றே வந்தது. பெரியவர்கள் என் காதில் விழாமல் பேசிக்கொண்டார்கள். அதாவது, எல்லாம் என் காதில் விழுந்தது. பயம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. சனிக்கிழமை காலை மாமாவின் போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

பின்னணியைக் கறுப்பாக்கினேன். தலைக்குப் பின்னால் பொன் வட்டம். கீழே ஒரு குத்துவிளக்கு, அதன் சுடர் தாடையில் படுகிற மாதிரி. அதுவரை நான் வரைந்ததிலேயே அதுதான் அழகு. மாமா எங்கிருந்தாவது பார்த்தால் பேசாமலா இருப்பார் என்று அம்மாவின் போனில் ஏற்றி, ஸ்டேட்டஸாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். ஒரு வரிகூட எழுதவில்லை.

தலையில் தண்ணீர் ஊற்றும்போதே போன் அடிக்கத் தொடங்கியது. நின்றது, மறுபடி அடித்தது. ஈரத்தலையோடு எடுத்தேன். இராமநாதபுரத்துச் சித்தி.

"ஆத்தா, மாமாவுக்கு எப்ப ஆச்சு? யாரு தகவல் சொன்னா?" என்று அழுதாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தைத் திறந்து பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து மட்டும்தான் அதில் இல்லை.

உடனே அழித்தேன். அழித்து என்ன, அதற்குள் பாதிச் சொந்தம் பார்த்து, மற்றவர்களுக்கும் அனுப்பியிருந்தது. மிளகாய்க் கொல்லைக்குப் போயிருந்த அம்மா வருவதற்குள் அத்தை வந்து நின்றாள். காலில் செருப்பில்லை. கையில் இருந்த போனில் என் படம்.

"இதைப் போட்டது யாருத்தா?"

"நான்தான் அத்தை. வெளிச்சம் நல்லாருக்கும்னு..."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "நீதானா? நெசமா நீதானா? வேற யாரும் ஒண்ணும் சொல்லலையே?" என்று தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கேட்டவள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வரைந்தது பலித்துவிடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மத்தியானம் மாமாவே அத்தையின் போனுக்கு வீடியோவில் கூப்பிட்டார். என் படம் அங்கே இருந்த ஊர்க்காரர் ஒருவருக்கும் போயிருந்தது. அவருடைய போனிலிருந்து பேசினார்.

"உசுரோடதான்டி இருக்கேன், என்னத்துக்கு அழுகுற? போன் கெட்டுப்போச்சு, அம்புட்டுத்தான். இன்னைக்கு லீவு."

எனக்கு உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது. அங்கே அப்போது பகல் பதினொன்றரை இருக்கும். மாமாவின் முகத்தில் ஜன்னல் வெளிச்சம் துளி இல்லை. போனின் நீலம் மட்டும் கீழேயிருந்து அடித்தது. பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள். "லைட்டே சரியில்ல மாமா" என்று குறை சொன்னேன். மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசி முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மாமா பேசும்போதே அந்தத் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தாள். ஆள் இருக்கிறார் என்று சொந்தபந்தத்துக்குக் காட்ட வேண்டுமே.

"ஆத்தா, இதுல வெயில் போட முடியுமா? வெளிய வேலையில நிக்கிற மாதிரி?"

என்னிடமா கேட்பது! கட்டில்களை அழித்து வானம் வைத்தேன். இடப்பக்கமிருந்து வெயில், வலது கன்னத்தில் மூக்கின் நிழல், நெற்றியில் வேர்வை மினுக்கம். காலையில் அழுதவர்களெல்லாம் சாயங்காலம் அதைப் பார்த்து, ஆள் கறுத்துப்போகிற அளவுக்கு உழைக்கிறார் என்று சந்தோஷப்பட்டார்கள்.

மாமா வேலை பார்த்த கம்பெனி மூடி அப்போது இரண்டு மாதம். போன் கெடவில்லை, விற்றிருந்தார். விசாத் தாள் இல்லாதவர் வெளியே தலைகாட்டினால் பிடித்துவிடுவார்கள் என்று பகலெல்லாம் அந்த அறைக்குள்ளேயே கிடந்திருக்கிறார். இதெல்லாம் நான் காலேஜுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. அத்தைக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு ஊருக்கு அனுப்பும் முன் படத்தை அவளிடம்தான் முதலில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் வெயில் போடுத்தா."

"இதுக்கு மேல போட்டா மூஞ்சி வெளிறிப்போயிரும் அத்தை. ஒங்களுக்கு வெளிச்சத்தப் பத்தி ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி, லேப்டாப்பை மூடிவிட்டேன்.