சைபர் போட்ட வாரங்கள்

காலராவை ஒழிப்பது தடுப்பூசியும் குளோரினும் என்று படித்தவர்கள்கூட நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இந்தத் தவறான கருத்தை உடனடியாகத் திருத்துவது என் கடமை. காலராவை ஒழிப்பது அச்சகம். பழைய படிவம் தீர்ந்து புதிய படிவம் அச்சாகி வந்த திங்கட்கிழமை கல்கத்தாவைச் சுற்றிப் பத்து மைல் வட்டாரத்தில் காலரா மறைந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். எழுபதுகளின் நடுவில் அங்கே ஒரு சுகாதார அலுவலகத்தில் வாராந்திர நோய்க் கணக்கைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். படிவம் நிரப்பியே கண் கெட்ட அன்பர்களே, மேற்கொண்டு உங்களுக்குப் புரியும்.

புதிய கட்டம்

பழைய படிவத்தில் 'காலரா' என்று ஒரே கட்டம். புதியதில் இரண்டு: 'உறுதி செய்யப்பட்ட காலரா', 'வயிற்றுப்போக்கு, பிற'. உறுதி செய்ய ஆய்வகத்தின் தாள் வேண்டும். தாள் வரப் பத்து நாள் ஆகும். வாரக் கணக்கோ சனிக்கிழமையோடு முடிந்துவிடும். ஆகவே எந்த மனிதனுக்கும் நோய் கண்ட வாரத்தில் காலரா இருக்க முடியாது. பத்து நாள் கழித்து வரும் தாளை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று ஹெட் கிளார்க் சக்ரவர்த்தி பாபுவிடம் கேட்டேன். வெற்றிலைப் பெட்டியை மூடிவிட்டு, குழந்தைக்குச் சொல்வது போல, ஆனால் வங்காளியில் ஓர் 'ஐயா'வும் சேர்த்துச் சொன்னார்:

"முடிந்துபோன வாரத்தில் யாருக்கும் புதிதாக நோய் வர முடியாது, மோஷாய்."

லாரி வந்தால் சரி

கங்கைக்கு அக்கரையில், சாந்த்ராகாச்சிக்கு அப்பால் ஒரு குடியிருப்பு. அங்கே குடிதண்ணீர்க் குழாயும் சாக்கடையும் ஓரிடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போயின. குழாயில் விரிசல். சுகாதார ஆய்வாளர் ஷண்முகம் அங்கேயே குடியிருந்தார். திருநெல்வேலிக்காரர், நேர்மையானவர், அதனாலேயே எனக்குத் தொல்லை. ஏழு வீட்டில் நோய் என்று கண்டு, 'காலரா எனச் சந்தேகம்' என்று எழுதி அனுப்பிவிட்டார்.

புதிய படிவத்தில் சந்தேகப்பட இடமில்லை. ஏழு பேரையும் 'பிற'வில் தள்ளினேன். மனசு ஒப்பவில்லை. ஆனால் வாரக் கணக்கில் எந்தக் கட்டத்திலாவது ஆள் இருந்தால்தான் அந்த இடத்துக்குத் தண்ணீர் லாரி போகும். கணக்கு போயிற்று, லாரியும் போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை, நம்மூர்க் கடைகள் இருக்கும் லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி வாங்க வந்த ஷண்முகத்திடம், அவர் எழுதிய சொல்லை மாற்றியதற்கு மன்னிப்புக் கேட்டு, இரண்டு கட்டங்களுக்கும் உள்ள நுட்பமான வேறுபாட்டை விளக்க ஆரம்பித்தேன். பொடியை முகர்ந்து பார்த்தபடி அவர் சொன்னார்:

"நீங்க என்ன பேரு வேணும்னாலும் வையுங்க அண்ணாச்சி, லாரி வருதுல்லா, அது போதும்."

நின்றுபோன இருதயம்

அதே குடியிருப்பில் ஒரு முதியவர் இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் வற்றி இறந்தார். சான்றிதழில் மரணக் காரணம்: 'இருதயம் நின்றது'. எழுதியது ஹவுராவில் தனியாகத் தொழில் செய்த ஒரு வயதான டாக்டர். இருதயம் நிற்பது மரணத்துக்குக் காரணமல்ல, மரணம்தான் அது. இப்படிப் பார்த்தால் ஆதிகாலம் முதல் எல்லாரும் ஒரே நோயில்தான் இறந்திருக்கிறார்கள் என்று போனில் பணிவாக எடுத்துச் சொன்னேன். வயிற்றுப்போக்கு என்று எழுதினால் எரிக்க விடமாட்டார்கள், விசாரணை என்று பிணத்தை வைத்துக்கொள்வார்கள் என வீட்டார் பயந்து கெஞ்சினார்களாம். அதைச் சொல்லிவிட்டு, அவர் என்னையே மடக்கினார்:

"இருதயம் நிற்கவில்லை என்று நீங்கள் நிரூபித்தால் திருத்தித் தருகிறேன்."

கோட்டைக் கூட்ட முடியாது

அடுத்த திங்கட்கிழமை ஷண்முகத்தின் அறிக்கை வரவில்லை. அவருடைய இடத்துக்கான கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டு, கீழே 'தகவல் பெறப்படவில்லை' என்று குறிப்பு எழுதினேன். சக்ரவர்த்தி பாபு கோட்டை ரப்பரால் அழித்தார். ஊதினார். சைபர் போட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. நோய் இல்லை என்பதும் செய்தி இல்லை என்பதும் ஒன்றல்ல, ஊரில் இருக்கும் மாமாவிடமிருந்து கடிதம் வராவிட்டால் மாமாவே இல்லை என்று முடிவு கட்டுவீர்களா என்று கத்தினேன். கோடு போனால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், சைபருக்கு யாரும் விளக்கம் கேட்டதில்லை என்றார். அதிகாரியிடம் போனேன். என் வாதம் மிகச் சரி என்று ஒப்புக்கொண்டு, நகலெடுக்க ஸ்டென்சில் வெட்டியாயிற்று, இனி மாற்ற முடியாது என்றார். ஷண்முகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் போட்டேன். அதற்கும் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பிப்பொடிக்கும் ஆள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் அறிக்கை வராமல் இன்னொரு சைபர் விழுந்தது. இரண்டு சைபர் சேர்ந்தால் அந்த இடம் நோயற்ற இடம். மறுநாளே லாரியை நிறுத்திவிடுவார்கள். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"கோட்டைக் கூட்ட முடியாது மோஷாய்," என்றார் சக்ரவர்த்தி பாபு. "சைபரைக் கூட்டலாம்."

தகவல் பெறப்பட்டது

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்ததும் படகில் கங்கையைக் கடந்து, ஹவுராவில் லோக்கல் பிடித்து நானே போனேன். அந்த விரிசல் குழாயை ஒட்டியிருந்த அடிபம்பு ஒன்றில் நீண்ட வரிசை. நாலு நாளாக லாரி இல்லை. வரிசையில் வாளியோடு நின்றவர்களில் ஒருவர் ஷண்முகத்தின் மனைவி செல்லம்மாள். ஷண்முகம் எங்கே, ஏன் அறிக்கை அனுப்பவில்லை என்று நான் கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டேன்.

ஷண்முகத்துக்கே நோய் கண்டு, முதலில் வீட்டில் கிடந்து, பிறகு சிறுநீரகமும் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அந்த அம்மாள் வாளியைக் கீழே வைத்தார்.

"இந்தக் காலனியில நோவே இல்லன்னு ஆபீஸ்ல எழுதியிருக்காம், லாரிக்காரன் சொல்லிட்டுப் போறான். எழுதுதவுக படுத்துட்டா ஊருக்கே நோவு தீந்துருமா அண்ணாச்சி?"

பத்தொன்பது

அன்று மாலை வீடு வீடாக ஏறிப் பெயர் எழுதினேன். பதினெட்டு. ஷண்முகத்தைச் சேர்த்துப் பத்தொன்பது. ஆய்வாளர் கையெழுத்து இல்லாத படிவம் செல்லாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஒரு கையில் சலைன் ஏற, இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டார். போடுமுன் தன் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, "நானும் 'பிற'தானா அண்ணாச்சி?" என்றார்.

பத்தொன்பது பேரில் பலருக்கு நோய் கண்டது முந்தைய இரண்டு வாரங்களில். திங்கட்கிழமை அவர்களைத் தேதிவாரியாகப் பிரித்துப் பழைய சைபர்களைத் திருத்தக் கேட்டேன். சக்ரவர்த்தி பாபு தலையசைத்தார். இம்முறை அவர் குரலில் கொஞ்சம் கருணைகூட இருந்தது.

"முடிந்த வாரம் முடிந்ததுதான். எல்லாரையும் இந்த வாரத்திலேயே போடுங்கள் மோஷாய். லாரியாவது சீக்கிரம் வரட்டும்."

போட்டேன், புதன்கிழமை இரண்டு லாரிகள் போயின, வியாழக்கிழமை, இரண்டு வாரம் நோயே இல்லாதிருந்த இடத்தில் ஒரே வாரத்தில் பத்தொன்பது பேருக்கு நோய் வரும்வரை என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஏழு நாளில் விளக்கம் கேட்டு, ஷண்முகத்தின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு ஒரு மெமோ போயிற்று.