மூன்று நாள் மணத்த சந்தனம்

சில வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜை முடிந்த மறுவாரம், ஓசூரில் நான் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனியில் நடந்தது இது. அங்கே நான் எலக்ட்ரீஷியன். இருப்பது நான் ஒருவன்தான் என்பதால் வெளியில் தலைமை எலக்ட்ரீஷியன் என்று சொல்லிக்கொள்வேன்.

எங்களிடம் இரும்பைக் கடையும் பழைய கம்ப்யூட்டர் மெஷின் ஒன்று, சி.என்.சி. லேத், இருக்கிறது. பெங்களூரில் யாரோ வேண்டாம் என்று கழித்துக்கட்டியதை எங்கள் முதலாளி வாங்கி வந்தார். அதில் பாதி பட்டன்களில் எழுத்தே அழிந்துபோய்விட்டது. எந்தப் பட்டன் எதற்கு என்பது அதை ஓட்டும் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். பேரிகை ஊர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர். முதலில் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் மெஷின் பக்கத்தில் வந்து நின்று, பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றுக்கொண்டார். புது மெஷின்களுக்கெல்லாம் டிப்ளமோ படித்தவர்கள் இருந்தார்கள். இவருக்கு இந்த ஒரு மெஷின்தான்.

அந்த வருடப் பூஜைக்கு எல்லாரும் மெஷின்களைத் துடைத்து, வெளியில் பொட்டு வைத்து, மாலை போட்டார்கள். எனக்கு அது போதவில்லை. லேத்தின் மெயின் சுவிட்சை அணைத்து, கரண்ட் பேனலைத் திறந்து, உள்ளே இருந்த ஒவ்வொரு ரிலே சுவிட்சுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஃப்யூஸ்களைக் கழற்றித் துடைத்து, அவற்றுக்கும் வைத்து, திரும்ப மாட்டினேன். என் பக்தியைப் பார்த்து அசந்துபோன முதலாளி, பேனலுக்கென்று தனியாக ஒரு சூடம் காட்டினார்.

லீவு முடிந்து திங்கட்கிழமை மெஷினைப் போட்டோம். இரும்பைச் சுழற்றும் ஸ்பிண்டில் வேகமெடுத்து, வெட்டும் டூல் இரும்பைத் தொட்டதும் மெஷின் நின்றுவிட்டது. வோல்டேஜ் குறைவு என்று திரையில் அலாரம். மல்டிமீட்டரோடு கம்பீரமாகப் போனேன். பேனல் கதவைத் திறந்தால் மெஷின் ஓடாது. பாதுகாப்புக்காக அப்படி ஓர் ஏற்பாடு. அதனால் ஓடாமல் நிற்கும்போதே அளந்தேன். மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் கச்சிதமாக இருந்தது. கதவை மூடி ஓட்டினால் மறுபடி அலாரம்.

என் பேனலில் தப்பு இருக்க வாய்ப்பே இல்லை, தப்பு வெளியேதான் என்று முடிவு கட்டினேன். முதலில் பக்கத்து வெல்டிங் பட்டறைக்குப் போய், நீங்கள் வெல்டிங் போடுவதால்தான் எங்களுக்கு வோல்டேஜ் குறைகிறது என்று சத்தம் போட்டேன். பட்டறைக்காரர் கன்னடக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இல்ல குரு, பூஜைக்கு ஊருக்குப் போன பசங்களே இன்னும் வரல. யாரு வெல்டிங் போடுறா?” என்றார். பிறகு கரண்ட் ஆபீசுக்கு போன் போட்டேன். லைன்மேன் வந்து கம்பத்தைப் பார்த்துவிட்டு, லைனில் ஒரு கோளாறும் இல்லை, உங்கள் மெஷினைப் பாருங்கள் என்றார். அவருக்கு வோல்டேஜ் என்றால் என்ன என்று கால் மணி நேரம் பாடம் எடுத்தேன். அவர் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

இதற்கிடையில் அந்தப் பெண் என்னிடம் வந்து, “அண்ணா, மெஷின் ஓடறப்ப சந்தன வாசன வருது” என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நாம் போட்ட பூஜை அப்படி என்று டீ நேரத்தில் எல்லாரிடமும் சொன்னேன். இரண்டு பேர் வந்து, பேனல் ஃபேன் முன்னால் நின்று மோந்து பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமையும் அவர் வந்து இன்றைக்கும் வாசனை வருகிறது என்றார். நல்லதும்மா என்று அனுப்பிவிட்டேன்.

புதன்கிழமை கையிருப்பில் இருந்த ஒரு சர்க்யூட் போர்டை மாற்றிப் பார்த்தேன். அலாரம் மாறவில்லை. முதலாளி கூப்பிட்டு, ஆகுமா ஆகாதா என்று ஒரே வார்த்தையில் சொல்லச் சொன்னார். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மெஷினுக்கு வயதாகிவிட்டது, இனி ஓட்ட முடியாது என்று ஒரு தாளில் ஐந்து வரி எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர் உடனே பழைய இரும்புக்காரரை அழைத்து, மறுநாள் காலை லாரி அனுப்பச் சொன்னார். அந்தப் பெண்ணை மறுபடி பேக்கிங்குக்குப் போகச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் என்னிடம் வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை.

“நாளையிலேர்ந்து அட்டப்பொட்டி ஒட்டப் போறன்ணா. அது கெடக்கட்டும், ஒன்னு கேக்கறன். போட்ட மாலையெல்லாம் காஞ்சி குப்பைக்குப் போயிடுச்சி. சந்தனம் மட்டும் எப்பிடி இன்னும் மணக்குது? மெஷின் நின்னா வாசன இல்ல, ஓடனாத்தான் வருது. இன்னிக்கு கருகுன வாசன வேற சேந்து வருது.”

கருகின வாசனை என்றதும் நேரே போய் மெயினை அணைத்து, பேனலைத் திறந்து, ஃப்யூஸ்களை உருவினேன். இரண்டு நன்றாக இருந்தன. மூன்றாவதன், ஹோல்டரில் செருகும் உலோகக் காதில் சந்தனம் அப்பி, வெந்து, கறுத்துக் கிடந்தது. பொட்டு வைத்த ஈரக் கையாலேயே அதைப் பிடித்து மாட்டியிருக்கிறேன். சும்மா நிற்கும்போது அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். சுமை ஏறினால் அந்த இடம் சூடாகி, ஒரு ஃபேஸ் படுத்துவிடும். அந்தச் சூட்டில்தான் சந்தனம் மணந்திருக்கிறது. இரண்டு பேர் பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டது என் கோளாறைத்தான்.

ஃப்யூஸையும் ஹோல்டரையும் மாற்றினேன். அந்தப் பெண் மெஷினைப் போட்டார். டூல் இரும்பைத் தொட்டது, சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது, அலாரம் வரவில்லை. அடுத்தடுத்து நாலு பீஸ் ஓட்டிய பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

முதலாளியிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஹோல்டர் பழசு, லூசாகிவிட்டது என்று ஒரு பொய்யைத் தயார் செய்தேன். அந்தப் பெண்ணுக்கு அது புரிந்திருக்க வேண்டும். “நீங்க எப்பிடி வேணா சொல்லிக்கங்கண்ணா. லாரி மட்டும் வரக்கூடாது” என்றார். அதைக் கேட்ட பிறகு பொய் சொல்ல மனது வரவில்லை. போய் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன்.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஃப்யூசுக்குப் பொட்டு வச்சது யாரு?”

“நாந்தாங்க.”

“சூடம் காட்டுனது?”

“நீங்கதாங்க.”

போனை எடுத்து இரும்புக்காரரிடம் லாரி வேண்டாம் என்றார். நான் எழுதிக் கொடுத்த தாளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

அந்த மெஷின் இன்றும் ஓடுகிறது, அந்தப் பெண்தான் ஓட்டுகிறார். இந்தக் கதையைச் சொல்லி நானே பலரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால், நாள் முழுக்க அந்த மெஷின் முன்னால் நின்றவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவருடைய வேலையை ஐந்து வரியில் எழுதி முடிக்கப் பார்த்தேனே என்று நினைக்கும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.