கொடிக்காலுக்குள் போன பாதரட்சை

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத ஆள் என்றுதான் என்னைப் பற்றிப் பேச்சு. அது முக்கால்வாசி உண்மை. சர்க்கார் பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததில்லை. ஆனால் ரேஷன் கடையில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுவேன். பேப்பரைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டிக்கூட்டிப் படித்துவிடுவேன். வாலிபத்தில் ஒருநாள், ஒரு பஸ்ஸின் நெற்றியில் 'பழங்காநத்தம்' என்று எழுதியிருந்ததை யார் உதவியும் இல்லாமல் முழுசாகப் படித்துவிட்டு அப்படியே நின்றேன். கண்டக்டர், "ஏறுண்ணே, பாத்துக்கிட்டே நிக்கிறியே" என்று வைதார். நான் அந்த பஸ்ஸுக்காக நிற்கவில்லை என்று அவருக்குத் தெரியாது.

இதெல்லாம் எனக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாவிடமிருந்து வந்தது. இரண்டு வருஷம், ஒரு வெற்றிலைக் கொட்டகையில்.

எனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். எழுபதுகளின் ஆரம்பம். வருஷம் சரியாகச் சொல்ல வரவில்லை. எங்கள் கறுப்புக் கிடேரி முதல் கன்று போட்ட வருஷம் என்று ஆத்தா சொல்வாள். கிடேரியின் வயது யாருக்கும் தெரியாததால் அதை வைத்தும் கணக்குப் பிடிக்க முடியாது. ஊர் சோழவந்தானுக்கு இந்தப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் பாயும் இடமெல்லாம் கொடிக்கால். அகத்தி மரத்தை வரிசையாக நட்டு, அதில் வெற்றிலைக் கொடியை ஏற்றிவிட்டு, வரிசைக்கு நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கட்டியிருப்பார்கள். அந்த வாய்க்கால் பெரியவர்களுக்கு முழங்கால், எங்களுக்கு இடுப்புக்கு மேல். சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்று இருக்கும். செருப்புக் காலோடு உள்ளே போகக் கூடாது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டும் போகக் கூடாது. அப்படிப் போனால் கொடி வாடிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கொடிக்காலைச் சாமி இருக்கிற இடமாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

கொடிக்கால் பெரியப்பாவுடையது. கூடப் பிறந்த பெரியப்பா இல்லை. அய்யாவுக்குப் பங்காளி முறை, எனக்குப் பெரியப்பா. ஆனால் அய்யாவும் ஆத்தாவும் அவரிடம் கூலிக்குத்தான் போனார்கள். முறை வேறு, கூலி வேறு என்பதைப் பெரியப்பா எப்போதும் மறந்ததில்லை. ஆத்தாவோடு இன்னும் ஏழெட்டுப் பெண்கள் வெற்றிலை கிள்ள வருவார்கள். அவர்களோடு பிள்ளைகள் நாங்கள் பதினோரு உருப்படிகள் போவோம். கொழுந்தை ஒடிப்போம், வாய்க்காலில் விழுவோம். அந்தச் சமயத்தில்தான், சோழவந்தானில் கிறிஸ்தவ சபைக்காரர்கள் வீட்டில் தங்கியிருந்த அந்த அம்மா சைக்கிளில் வந்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர இடம் கேட்டார். ஊரில் அவருக்குப் பெயர் துரைச்சாணியம்மா. எங்களுக்கு டீச்சர்.

பெரியப்பா வெற்றிலை அடுக்குகிற கொட்டகையைக் கொடுத்தது கல்வியின் மேல் உள்ள ஆசையால் இல்லை. எங்களை ஒரு இடத்தில் அடைத்துவைக்க ஒரு ஆள், அதுவும் சும்மா, கிடைத்ததால் கொடுத்தார். அய்யாவுக்குத்தான் கொஞ்சம் யோசனை.

"பிள்ளைகள வேதத்துல சேத்துருவாகளோ என்னமோ."

"சேத்தாச் சேக்கட்டும். வாய்க்கால்ல விழாம இருக்குதுகள்ல" என்றாள் ஆத்தா.

எங்களில் யாரும் வேதத்தில் சேரவில்லை. அவர் சேரச் சொல்லவும் இல்லை. கதை சொன்னார், பாட்டுச் சொல்லித் தந்தார், மணலைப் பரப்பி அதில் விரலைப் பிடித்து 'அ' போட வைத்தார். வீட்டிலிருந்து திருநீறு பூசிக்கொண்டு வருவோம், கண்ணை மூடி ஜெபம் சொல்வோம், மத்தியானம் மாரியம்மன் கோயில் கூழுக்கு ஓடுவோம். எங்கள் வரையில் எல்லாம் ஒரே நாளின் வேலைதான்.

டீச்சரின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்கள் தங்குகிற மலைமேல், முன்ஷி என்கிற தமிழ் வாத்தியாரிடம் படித்தாராம். அவர் சபைக் கோயிலில் வாசிக்கிற பழைய தமிழைக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டார். மூக்கொழுகி நிற்கிற நாலு வயதுப் பயலைப் பார்த்து, "நீர் ஏன் அழுகிறீர்?" என்பார். "இங்கே வாரும், உட்காரும்" என்பார். அதுவரைக்கும் 'ஏலே'யும் 'எடுபட்ட பயலே'யும் தவிர வேறு பெயரில் எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தோம். பெரியப்பாவையும் அவர் 'நீர்' என்றுதான் சொன்னார். எங்களுக்கு அது ஏற்றமாக இருந்தது. பெரியப்பாவுக்கு இறக்கமாக இருந்தது. வெள்ளைக்காரி, மொழி தெரியாது என்று பொறுத்துக்கொண்டார்.

டீச்சர் கறுப்பில் கயிறு கட்டின சப்பாத்துப் போடுவார். அதை அவர் 'பாதரட்சை' என்பார். கொட்டகை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவார். ஒருநாள் செவலை நாய் ஒன்று அதில் ஒன்றைக் கவ்விக்கொண்டு கரும்புக் காட்டுக்குள் போய்விட்டது. நான் துரத்திப்போய் மீட்டுவந்தேன். அன்றிலிருந்து பாதரட்சைக்குக் காவல் நான். யாரும் போட்ட உத்தியோகம் இல்லை, நானே எடுத்துக்கொண்டது. மற்ற பிள்ளைகளைத் தொடவிட மாட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் பாடம் முடிந்து, டீச்சர் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பிள்ளைகளை எண்ணினார். பத்துதான் இருந்தது. காணாமல் போனது என் தங்கச்சி. ஆத்தாவைத் தேடிக் கொடிக்காலுக்குள் போயிருப்பாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் விட்டிருந்த நாள் அது. டீச்சர் ஓடினார். கொடிக்கால் கரையில் போனதும் நின்று, குனிந்து, இரண்டு சப்பாத்தின் கயிற்றையும் அவிழ்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார். அவ்வளவு அவசரத்திலும் அந்த முடிச்சுகளை அவர் அவிழ்த்ததை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நான் அங்கேயே காவல் இருந்திருக்கலாம். ஆனால் உள்ளே போனவள் என் தங்கச்சி. திரும்பிப் பார்த்தால் செவலை நாய் வேலியோரம் உட்கார்ந்திருக்கிறது. விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை, நிற்கவும் காலில்லை. இரண்டு சப்பாத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். காலில் போட்டால்தானே தப்பு, கையில் இருந்தால் என்ன என்று நினைத்தேனா, ஒன்றுமே நினைக்கவில்லையா, இப்போது சொல்ல முடியவில்லை.

ஒரு வாய்க்காலைத் தாண்டச் சப்பாத்துகளைக் கரையில் வைத்தேன். அந்தப் பக்கம் டீச்சரின் குரல் கேட்டது. "மகளே, எங்கே இருக்கிறீர்?" என் தங்கச்சி ஒரு அகத்தி மரத்தடியில் உட்கார்ந்து, கீழே விழுந்த வெற்றிலையை ஆத்தா மாதிரியே அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளை டீச்சர் தூக்கியதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சப்பாத்தை எடுக்கத் திரும்பினேன். பக்கத்து வரிசையில் பெரியப்பாவின் இருமல் கேட்டது. கைக்கு ஒன்றுதான் சிக்கியது. ஓடி வந்துவிட்டேன்.

"இன்னொன்ன நாய் கொண்டுட்டுப் போயிருச்சு டீச்சர்" என்றேன்.

டீச்சர் வேலியோரம் பார்த்தார். நாய் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. "அதற்கு மிகுந்த பசி போலும்" என்று சொல்லிவிட்டு, இருந்த ஒன்றைச் சைக்கிளில் தொங்கவிட்டு, வெறுங்காலோடு மிதித்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து தினமும் எடுக்கப் பார்த்தேன். போகிற வழியிலேயே பெரியப்பா நின்று தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். ஆறாம் நாள், சரியாக அந்த வரிசையில் கொடி மஞ்சளடிக்கத் தொடங்கிவிட்டது. வாடல் விழுந்த கொடியைப் பார்க்கப்போன பெரியப்பாவின் காலில் கறுப்புச் சப்பாத்து தட்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் டீச்சர் வரும்போது கொட்டகையில் பூட்டுத் தொங்கியது. மோட்டார் ரூம் முன்னால் எல்லோரும் நின்றார்கள். பெரியப்பா சப்பாத்தைக் குச்சியில் மாட்டிப் பிடித்திருந்தார்.

"துரைச்சாணியம்மா, இது ஆரோடது?"

"என்னுடைய பாதரட்சைதான்."

"கால்ல போட்டுக்கிட்டா உள்ள போனீக?"

"பிள்ளையத் தேடித்தான போனாக" என்றாள் ஆத்தா.

"நீ சும்மா இரு. அகத்தி நட்டு மூணு வருசம் பாடுபட்டவன் நானு. நாலு பாத்தி போச்சு, இன்னும் எம்புட்டுப் போகுமோ."

தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் ஒருவர் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுத்தார். "ஒரு மனு எழுதிக் குடுங்கண்ணே. வருசா வருசம் சர்க்காருல பர்மிட்டு வாங்கித்தான் இங்கன இருக்காக. புகாருன்னு ஒண்ணு போச்சுன்னா, அடுத்த வருசம் கப்பல் ஏத்திவிட்ருவாக."

நான் ஆத்தாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தேன். என்னால்தான் கொடி சாகிறது என்று நான் முழுசாக நம்பினேன். சொன்னால் அகத்திக் கம்பு முறிகிற வரைக்கும் அடி விழும், அது போகட்டும். அய்யாவுக்கும் ஆத்தாவுக்கும் நாளையிலிருந்து வேலை இருக்காது. சொல்லாவிட்டால் டீச்சர் இருக்க மாட்டார். ஆறு வயதில் இதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு மோட்டார்க் குழாயைப் பார்த்தேன்.

டீச்சர் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது.

"என்னம்மா, கேட்டதுக்குப் பதிலக் காணோம்?"

"அந்தப் பாதரட்சை என்னுடையது" என்றார் நிதானமாக. "அது உள்ளே போனதற்கு நானே பொறுப்பு. நீர் என்னை மன்னிக்க வேண்டும்."

பெரியப்பா இப்படிச் சட்டென்று தலை குனிவதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் இறங்கினார். "மன்னிச்சாக் கொடி பொழைச்சிருமா? பால் ஊத்தணும், தேங்கா ஒடைக்கணும். அதச் செய்வீகளா?"

"பூசை என்னால் இயலாது. வேறு எந்த வேலையும் செய்வேன்."

அய்யா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அண்ணே, பாலு நம்ம ஊத்திக்கிருவோம். வாடுன கொடியப் புடுங்கி வெளிய கொண்டாந்து எரிக்கணும்ல, அதுக்கு ஆள் வேணும்."

"செய்வேன்" என்றார் டீச்சர்.

பதினைந்து நாள் செய்தார். தினமும் வந்து பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு சேற்றில் இறங்கி, பட்ட கொடியையும் உதிர்ந்த இலையையும் வாரிவாரி வெளியே போட்டார். வெயில் பட்ட இடமெல்லாம் தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. பெரியப்பாவே இரண்டாம் நாள், "போதும்னு சொல்லுங்கப்பா, விழுந்துகிழுந்து வைக்கப் போறாக" என்றார். டீச்சர் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் நான் போய் நின்றேன். ஏன் வந்தாய், அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நீர் வந்தீரா. நல்லது. இந்த முனையைப் பிடியும்" என்றார். இருவரும் கொடியை இழுத்துக்கொண்டு போனோம்.

நாலு பாத்தி போனது போனதுதான். மற்றது தப்பியது. குலசாமி காப்பாற்றினார் என்றார் பெரியப்பா. டீச்சர் தன் சாமிக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ஒருவர் சொன்னதை ஒருவர் மறுக்கவில்லை. மனு யாரும் எழுதவில்லை. பூட்டு எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் நான் படித்தேன். இன்றைக்கு நான் போடுகிற ஒவ்வொரு கையெழுத்தும் அந்த ஒன்றரை வருஷத்தில் வந்தது. அன்றைக்கு அவரைக் கப்பல் ஏற்றியிருந்தால், 'அ'னாவோடு நான் நின்றிருப்பேன்.

நான் தப்பித்ததற்குக் காரணம் டீச்சரின் அரைகுறைத் தமிழ் என்று வெகுகாலம் நம்பினேன். காலில் போட்டுக்கொண்டு போனீர்களா என்று பெரியப்பா கேட்டதே அவருக்குப் புரியவில்லை, ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டார், நல்லவேளை என்று நினைத்தேன். அந்த முன்ஷிக்கு மனசுக்குள் நன்றி கூடச் சொன்னேன்.

எனக்குக் கல்யாணமாகி, மதுரைக்கு வந்து, ஆனையூரில் வாடகைக்கு இருந்தபோது என் மகன் அடுத்த வீட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்தான். அந்த வீட்டுக்காரர் வந்து, "உடைச்சது ஒங்க பையனா?" என்றார். அவர் முரட்டு ஆள், பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. இல்லை என்று பொய் சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் போகிற மாதிரி ஒரு பேச்சைத் தேடினேன். பிறந்ததிலிருந்து தமிழே பேசுகிறவன், எனக்குக் கிடைக்கவில்லை. "தெரியலையே" என்று பொய்தான் சொன்னேன்.

அவர் போன பிறகு வாசலிலேயே வெகுநேரம் நின்றேன். அன்றைக்கு மோட்டார் ரூம் முன்னால் டீச்சர் பேசாமல் நின்றதை, வார்த்தை தெரியாமல் முழிக்கிறார் என்று நினைத்தேனே. வார்த்தையைத்தான் தேடியிருக்கிறார். யாருக்காகத் தேடினார் என்பதுதான், எதிரில் நின்றுகொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை.