படலையில் கேட்ட அனுமதி

புங்குடுதீவில், ஊர்ப் பிரச்சினைகளைப் போனில் ஒரு நிமிட வீடியோவாக எடுக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். என்னுடைய முதல் விதி: அனுமதி கேட்காமல் யாருடைய வளவுக்குள்ளும் கமரா போகக்கூடாது.

இன்று மத்தியானம் எடுத்தது, ஆட்கள் வெளிநாடு போய்விட்ட வீடுகளின் கிணறுகளில் நுளம்பு பெருகி டெங்கு பரவுவதைப் பற்றி.

முதல் வீட்டுக்குக் கூரையே இல்லை. குசினிக்குள், அடுப்படியிலேயே வேம்பு வளர்ந்து நிற்கிறது. ஆனாலும் தர்சிகா படலையில் நின்று, "வீட்டுக்காரர், உள்ள வரலாமோ?" என்று கேட்டாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நானும்தான்.

உள்ளே போய்க் கிணற்றை வீடியோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

பின்னேரம் எடிட் பண்ணிக்கொண்டிருந்த தர்சிகா இயர்போனைக் கழற்றி நீட்டினாள். "அக்கா, இதை ஒருக்காக் கேளுங்கோ."

வீடியோவில் அவள் அனுமதி கேட்கிறாள். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அடியில், வீட்டுப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல்:

"ஓம், நில்லுங்கோ. வாறன்."

பத்துத் தடவை கேட்டுவிட்டேன். என் விதிப்படி பார்த்தால், நாங்கள் நின்றிருக்க வேண்டும்.

வீடியோ தொடங்குவதே "இந்த வீட்டில இப்ப ஒருத்தரும் இல்லை" என்ற வரியோடுதான். நாளைக்குப் போடவேண்டும்.

அந்த வரியை வெட்டுவதா, குரலை வெட்டுவதா? சொல்லுங்கோ.